சாம்பல் சுவருக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள்?

பெய்ஜிங்குக்குப் போகிறவர்கள் பெருஞ்சுவரையும் அரண்மனையையும் பார்த்து முடித்த கையோடு தேடிப் போகும் இடமாக நான்லுவோகுஷியாங் ஆகிவிட்டது. தெற்கு வடக்காக ஓடும், 800 மீட்டர்கூட நீளமில்லாத பழைய தெரு அது. அதிலிருந்து இருபக்கமும் எட்டெட்டாகப் பிரிகின்றன ஹூதோங்குகள் என்று அங்கே அழைக்கப்படும் குறுஞ்சந்துகள். குப்லாய் கான் 1267-ல் புதிய தலைநகரைக் கட்டத் தொடங்கியபோது போடப்பட்ட தெரு அமைப்பு இன்றும் பெரிதும் மாறவில்லை. மாறியது தெருவின் பிழைப்பு. பால் கலந்த தேநீர், குச்சியில் செருகிய வறுவல், விசிறி, சாவிக்கொத்து என்று கடைகள் நெருக்கியடித்து, விடுமுறை நாட்களில் கூட்டம் தோளோடு தோள் உரச நகர்ந்தது. 2016-ல் அந்தத் தெருவே தனக்கிருந்த 'மூன்று ஏ' சுற்றுலாத் தரச்சான்றை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்து, சுற்றுலாக் குழுக்களை ஏற்பதை நிறுத்தியது. ஊர் ஊராகத் தரச்சான்றுக்கு அலையும் காலத்தில் இது அபூர்வமான முடிவுதான். ஆனாலும் அது கூட்டத்தைப் பற்றிய முடிவு; குடியிருப்பைப் பற்றியதல்ல. கூட்டம் குறைந்தாலும் கூடினாலும், அந்தச் சந்துகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றனவா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அதற்கான விடையை முகப்பில் ஒட்டிய சாம்பல்நிறச் செங்கல்லில் தேடிப் பயனில்லை. உள்ளே கழிநீர்க் குழாய் போகிறதா, குடியிருப்பவரின் வாடகை உரிமைக்கு மதிப்பிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சந்துகளிலுள்ள வீடுகள் எப்படிப் பாழாயின என்பதைப் புரிந்துகொண்டால்தான் இதன் பொருள் விளங்கும். சிஹெயுவான் எனப்படும் முற்றம் வைத்த வீடு பெய்ஜிங்கின் குளிரை நன்கு அறிந்த வீடு. சந்துகள் கிழக்கு மேற்காகப் போவதால், வடக்குக் கட்டின் வாசல் தெற்கு நோக்கித் திறந்து, தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலை அறைக்குள் வாங்கிக்கொள்ளும். வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கட்டு. பிள்ளைகளுக்குக் கிழக்கும் மேற்கும். தலைவாசல் பெரும்பாலும் தென்கிழக்கு மூலையில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு மறைப்புச் சுவர் தெருக்காரர் பார்வையைத் தடுக்கும். ஒரு வீடு, ஒரு குடும்பம் என்ற கணக்கில் அமைந்த கட்டுமானம். அந்தக் கணக்கு 1949-க்குப் பிறகு உடைந்தது. 1958-ல் வீட்டு உரிமையாளர்களின் கூடுதல் அறைகளை அரசு எடுத்து வாடகைக்கு விடத் தொடங்கியது. 1966-ல் கலாச்சாரப் புரட்சி எஞ்சியவற்றிலும் பலவற்றைப் பறித்தது. ஒரு குடும்பம் வாழ்ந்த முற்றத்தில் எட்டு, பத்து குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனமாக நெருங்கின. 1976 ஜூலையில் தாங்ஷான் நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் பெய்ஜிங்கையும் உலுக்கியபோது, மக்கள் முற்றத்தில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அச்சம் போயிற்று, கொட்டகை போகவில்லை. அது சமையலறையாகி, பிறகு கல்யாணமான மகனுக்கு அறையாகி, முற்றம் ஓர் ஆள் நுழையும் நடைபாதையாகச் சுருங்கியது. கழிப்பறைக்குச் சந்தின் பொதுக் கழிப்பறைதான், பனிக்காலத்து நள்ளிரவிலும்.

ஆக, கூரை ஒழுகுவதற்கும் சுவர் உதிர்வதற்கும் வயதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாடகை மிகக் குறைவு என்பதால் வீட்டுவசதித் துறைக்குப் பழுதுபார்க்க மனமில்லை. சொந்தமில்லை என்பதால் குடித்தனக்காரருக்குச் செலவழிக்கத் துணிவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ இடித்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு மிச்சமிருந்த அக்கறையையும் தின்றுவிட்டது. உரிமை குழம்பிப் போனதால் வந்த பாழ் இது. அப்படியிருக்க, வைத்தியம் மட்டும் முகத்துக்குப் பூச்சு பூசுவதாகவே இருந்துவந்திருக்கிறது.

பூச்சு வைத்தியத்துக்கு முன்பு நடந்தது அறுவை. கட்டடக்கலை அறிஞர் லியாங் ஸிசெங், நகரத் திட்டமிடல் அறிஞர் சென் ஜன்ஷியாங் இருவரும் 1950-ல் ஒரு திட்டம் கொடுத்தார்கள்: அரசு அலுவலகங்களைப் பழைய நகருக்கு மேற்கே புதிதாகக் கட்டுங்கள், பழையதை விட்டுவிடுங்கள் என்று. அது ஏற்கப்படவில்லை. நகர மதில்கள் இடிக்கப்பட்டன, அவை நின்ற தடத்தில் இரண்டாம் வட்டச்சாலையும் சுரங்க ரயிலும் வந்தன. 62.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழைய நகரில் பின்னர் வந்த அடுக்குமாடிகள் சந்துகளைக் கொத்துக்கொத்தாக விழுங்கின. லியாங் தன் மனைவியும் கட்டடக்கலைஞருமான லின் ஹுயியின்னோடு 1930-களில் வாழ்ந்த முற்ற வீட்டைக்கூட 2012 ஜனவரியில் இடித்துவிட்டார்கள். இடித்த நிறுவனம் அதற்குச் சூட்டிய பெயர் 'பராமரிப்பு இடிப்பு'. விதித்த அபராதம் 5 லட்சம் யுவான். தலைநகரின் நடுமையத்தில் நிலம் விற்கும் விலைக்கு அது அபராதமே அல்ல, அனுமதிக் கட்டணம்.

பல ஆண்டு இடிப்பு தேடித்தந்த அவப்பெயருக்குப் பதிலாகத்தான், அந்த வீடு போவதற்கு முன்பே, முகப்புப் பாதுகாப்பு வந்தது. பழைய நகரில் 25 பகுதிகள் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. 2008 ஒலிம்பிக்கை ஒட்டித் திறக்கப்பட்ட ச்சியன்மென் தெரு இந்த வகைக்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. பழைய புகைப்படத்தைப் போலவே கட்டிய கடைவரிசை, பழைய பாணி டிராம் வண்டி, உள்ளே உலகெங்கும் கிடைக்கும் ஆடைக் கடைகள். சுற்றுவட்டாரச் சந்துகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, தொலைவிலுள்ள புறநகர் அடுக்ககங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இதைவிட நயமான உதாரணங்களும் சீனாவில் உண்டு. ஃபுஜோ நகரின் 'மூன்று வீதி ஏழு சந்து' பகுதியில் மிங், சிங் அரசமரபுகளின் காலத்துக் கட்டடங்கள் 159 இருக்கின்றன. அபினிக்கு எதிராக நின்ற லின் ஸெஷுவின் நினைவகமும் மொழிபெயர்ப்பாளர் யான் ஃபுவின் வீடும் அங்கேதான். 1990-களில் அடுக்குமாடிகளுக்காகப் போட்ட ஒப்பந்தம் 2005-ல் கைவிடப்பட்டதால் பிழைத்த பகுதி அது. தச்சு வேலையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கூடங்கள் அருங்காட்சியகங்களாகவும் கடைகளாகவும் ஆகிவிட்டன; அடுப்பு எரியும் வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

முகப்பு ஆசை எங்கே கொண்டுவிடும் என்பதை 2017-ல் பெய்ஜிங் காட்டியது. சந்துச் சுவர்களை உடைத்துக் கடை வாசல் வைத்திருந்தவர்களின் வாசல்களை அந்த ஆண்டு மாநகரம் செங்கல் வைத்து அடைத்தது. சட்டப்படி அந்த வாசல்கள் குற்றம்தான், சில சுவர்கள் பலமிழந்திருந்ததும் உண்மை. அடைத்த பிறகு சந்துகள் துப்புரவாக, ஏன், இன்னும் 'பழமையாக'வே தெரிந்தன. ஆனால் மூடியவற்றில் காய்கறிக் கடையும் காலைப் பலகாரக் கடையும் முடிதிருத்தும் கடையும் இருந்தன. நடக்க முடியாத கிழவிக்குக் கீரைக்கட்டு கொடுத்த கை, பெரும்பாலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவரின் கை. அவரும் போனார். பழைய தோற்றம் திரும்பியது, அன்றாட வசதி போயிற்று.

இதற்கு மாற்று இல்லையா என்றால், அதே நான்லுவோகுஷியாங்கை ஒட்டியே இருக்கிறது. அங்குள்ள ஜூவெர் ஹூதோங்கில் லியாங்கின் மாணவர் வூ லியாங்யோங் 1980-களின் இறுதியில் இடிந்துவிழும் நிலையிலிருந்த முற்றங்களை எடுத்துவிட்டு, முற்றம் என்ற கருத்தை விடாமல் இரண்டு மூன்று மாடிக் குடியிருப்புகளை அமைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறை, கழிப்பறை. உலக வாழ்விட விருது கிடைத்தது. ஆனால் பழைய குடித்தனக்காரர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை, விலை கட்டுபடியாகவில்லை. வடிவத்தில் வென்று உரிமையில் தோற்ற முயற்சி என்றே அதைச் சொல்வேன். அண்மைக்கால முயற்சிகளில் இந்தப் பாடம் தெரிகிறது. பக்கத்து யூவெர் ஹூதோங்கில் விரும்பிய குடும்பங்கள் வெளியேற, இருக்க விரும்பியவர்களின் வீடுகளுக்குள்ளேயே கழிப்பறையும் சமையலறையும் வந்தன. 2019-ல் ஷிச்செங் வட்டாரத்தில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, பொது வாடகை வீட்டுக்காரர் தானே விண்ணப்பித்தால் உரிமையை ஒப்படைத்து இழப்பீடோ மாற்று வீடோ பெறலாம்; விண்ணப்பிக்காதவரைத் துரத்துவதில்லை. காலியாகும் அறையால் மீதிப் பேருக்கு இடம் விரிகிறது. மெதுவான வழி. அதன் சிறப்பும் அந்த மெதுவில்தான்.

எதிர்வாதங்கள் உண்டு, இரண்டு கனமானவை. முதலாவது, அங்கே வாழ்கிறவர்களே வெளியேறத்தானே விரும்புகிறார்கள், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துப் போகிறவர்கள் அவர்களுக்குப் பழமையைப் பரிந்துரைப்பது நியாயமா என்பது. நியாயமில்லைதான். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதில் எந்தப் பண்பாடும் இல்லை. ஆனால் கழிப்பறையில்லாத அறைக்கும் ஐந்தாம் வட்டச்சாலைக்கு அப்பாலுள்ள அடுக்ககத்துக்கும் இடையே மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வரும் விடை ஊரைப் பற்றியதாக இருக்காது. கழிப்பறையைப் பற்றியதாகவே இருக்கும். நகரின் பெயர்பெற்ற மருத்துவமனைகளும் பள்ளிகளும் பழைய நகரத்தில் இருக்கின்றன. மூட்டுவலிக்காரருக்குப் படியேறாத வீடும் வாசலில் அறிந்த முகமும் வேண்டும். சீர்செய்த வீட்டில் அங்கேயே இருக்கலாம் என்ற மூன்றாம் வழியை வைத்துக் கேட்ட பிறகு வரும் பதிலைத்தான் விருப்பம் என்று கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அசல், நகல் என்று பார்ப்பதே மேலைநாட்டுக் கண் என்பது. சீனக் கட்டடம் மரக் கட்டடம். தூண் உளுத்தால் மாற்றுவது மரபு. மரபுப் பாதுகாப்பு பற்றிய 1994-ன் நாரா ஆவணமே பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் உண்மைத்தன்மையை ஏற்றிருக்கிறது. இந்த வாதத்தை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன்; ஒப்புக்கொண்டால் அது ச்சியன்மென்னுக்கு எதிராகவே திரும்புகிறது. மரத்தை மாற்றுவது மரபென்றால், மாற்றக்கூடாதது மரத்தை மாற்றிக்கொண்டே வாழ்ந்த பழக்கம். அதைத்தான் அங்கே அகற்றினார்கள். எந்தக் காலத்தைக் காப்பது என்ற கேள்விக்கும் இதுவே விடை. பிரபுவின் ஒற்றைக் குடும்ப முற்றம் மட்டும் வரலாறு, நிலநடுக்கக் கொட்டகை குப்பை என்று யார் வகுத்தது? ச்சாவெர் ஹூதோங்கின் எட்டாம் எண் முற்றத்தில் கட்டடக்கலைஞர் ஜாங் க, குடித்தனக்காரர்கள் தாமே போட்டுக்கொண்ட சமையல் கொட்டகைகளை இடிக்காமல் திருத்தி, குழந்தைகளுக்கான நூலகமும் கலைக்கூடமும் ஆக்கினார். 2016-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற பணி அது. எல்லாக் கொட்டகையையும் காக்க வேண்டும் என்பதில்லை. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் சில கட்டாயம் போகத்தான் வேண்டும். எது போக வேண்டும் என்பதை அங்கே சமைக்கிறவரைக் கேட்டு முடிவுசெய்யலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். முகப்புக்குச் செலவழித்த பணம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான். பாதாளச் சாக்கடை சுற்றுலா வருமானத்தில் போடப்படுவதில்லை. எந்த மாநகரிலும் அது வரிப்பணத்து வேலை.

2024 ஜூலையில் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, பெய்ஜிங்கின் நடு அச்சை, அதன் 15 உறுப்புகளோடு, மரபுப் பட்டியலில் சேர்த்தது. மணிக் கோபுரமும் முரசுக் கோபுரமும் அரண்மனையும் அந்த 15-ல் அடங்கும். சந்துகளில் பெரும்பகுதி அவற்றைச் சூழ்ந்த காப்பு வளையத்துக்குள் வருகிறது. பழைய நகரை இனி இடிப்பதில்லை என்று 2017-ல் ஒப்புதல் பெற்ற பெய்ஜிங் பெருந்திட்டமும் சொல்கிறது. இடிப்பு நின்றதா என்பதைச் செயற்கைக்கோள் படத்திலேயே சரிபார்த்துவிடலாம். குடியிருப்பு நின்றதா என்பதைச் சரிபார்க்க வேறு கணக்கு வேண்டும்: வட்டாரம் வாரியாக, பாதுகாப்பு அறிவிப்பு வந்த நாளில் இருந்த குடும்பங்களில் இன்று எத்தனை அங்கே இருக்கின்றன, அவற்றில் எத்தனை வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறது, ஒப்படைக்கப்பட்ட அறைகளில் எத்தனை மீண்டும் வீடுகளாயின, எத்தனை விடுதி அறைகளாயின. இந்த நான்கு எண்களையும் பெய்ஜிங் மாநகரம் யுனெஸ்கோவுக்கு அனுப்பும் நிலை அறிக்கைகளில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்படி குழுவில் இடம்பெறும் நாடுகள் கேட்க வேண்டும்.