இரவல் கோட்டில் ஒரு லெப்டினன்ட்



1845 மே மாதம். தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிரீன்ஹைத்தில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் புறப்படத் தயாராக நின்றன. வடதுருவப் பனிக்கடல் வழியாகப் பசிபிக்குக்குப் பாதை காணும் பயணம் அது. தலைவர் சர் ஜான் ஃபிராங்க்ளின். அவர் மனைவி ஜேனின் ஏற்பாட்டில், ரிச்சர்ட் பியர்டின் ஸ்டுடியோ 14 அதிகாரிகளைப் படமெடுத்தது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் டாகுரோடைப் படங்கள். ஃபிராங்க்ளினுக்கு அப்போது 59 வயது, உடம்புக்கு வேறு ஃப்ளூ காய்ச்சல். படத்தில் அந்தச் சோர்வு தெரிகிறது.

பயணம் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. இன்று அந்தப் படங்களைச் சாகப்போகிறவர்களின் முகங்களாகத்தான் நாம் பார்க்கிறோம். பாவம், அவர்களுக்கு அது தெரியாதே!

அவர்களில் இளைஞரான லெப்டினன்ட் ஜேம்ஸ் ஃபேர்ஹோம், தன் படத்தைப் பற்றி வீட்டுக்கு எழுதியிருக்கிறார். அதில் ஃபேர்ஹோமுக்கு வயது கூடித் தெரிவதாக ஜேன் சொன்னாராம். ஃபேர்ஹோமோ தன் கோட்டை எடுத்துவரச் சோம்பல்பட்டு, மேலதிகாரி ஃபிட்ஸ்ஜேம்ஸின் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாராம். தோள்பட்டையில் நங்கூரச் சின்னம் இருக்கிறதல்லவா, ஆகவே நான் கமாண்டராகத் தெரிகிறேன், உண்மையிலேயே அந்தப் பதவி கிடைக்கும்போது இந்தப் படம் கச்சிதமாகப் பொருந்தும் என்று வீட்டாரிடம் விளையாடுகிறார். எனக்கு இதைப் படித்த பிறகு அந்தப் படமே வேறாகிவிட்டது. இரவல் கோட்டுக்குள் குறும்பான ஒரு பையன் நிற்கிறான்.

எரிபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் கிடைத்தன. கோட்டுக்குச் சொந்தக்காரரான ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடை எலும்பை, 2024இல் மரபணுச் சோதனை அடையாளம் காட்டியது. அறிவியல் எவ்வளவோ மீட்டுத் தருகிறது. ஆனால் ஃபேர்ஹோமின் அந்தக் கேலியை அவருடைய கடிதம் மட்டுமே காப்பாற்றி வைத்திருக்கிறது.

அடுத்த இதழுக்கு உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களைக் கேட்டிருந்தோம். பெயர், ஆண்டு, ஊர் எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. அதோடு, படத்தில் இருப்பவர் அதைப் பார்த்து என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாட்டி ஏன் முகம் சுளித்தார், தாத்தா யாருடைய கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார்? சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இரண்டு வரி போதும். படத்துக்குக் கீழேயே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்