விளையாட்டு சர்வரும் நம் பில் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரே நேரத்தில் கூட்டம் முட்டினால் எப்படிச் சமாளிப்பது என்பது அவர்களுக்கும் கவலை, நமக்கும் கவலை.

பெரும்பாலான விளையாட்டுகள் ஆட்களைப் பல சர்வர்களாகப் பிரித்து விடுகின்றன. ஐஸ்லாந்து நாட்டு சிசிபி நிறுவனம் 2003-ல் தொடங்கிய ஈவ் ஆன்லைனில், சீனா நீங்கலாக, எல்லோருக்கும் ஒரே உலகம்தான். அதில் ஓரிடத்தில் மலிவாக வாங்கி, கப்பலில் ஏற்றி, வேறிடத்தில் விற்கும் வியாபாரிகளும் உண்டு. 2007-ல் அந்நிறுவனம் ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தது!

சர்வர் என்பது அங்கே ஒரு பெட்டி அல்ல. பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்த தொகுப்பு. விண்வெளியின் ஒவ்வொரு பகுதியையும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கவனிக்கும். எல்லோரும் ஒரே பகுதியில் குவிந்தால் மற்றவை சும்மா இருக்க, அது ஒன்று மட்டும் திணறும். நான்கு கவுண்டர் இருந்தும் அரிசிக் கவுண்டரில் மட்டும் கூட்டம் நெரிவது போல.

இதற்கு 2012-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சுமை கூடினால் அந்தப் பகுதியின் கடிகாரமே மெதுவாக ஓடும். பத்தில் ஒரு பங்கு வேகம் வரை குறையும். எல்லோருக்கும் ஒரே அளவு தாமதம். 2014 ஜனவரி 27-ல் தொடங்கிய பெரும்போரில் 7,500 பேருக்கு மேல் கலந்துகொண்டனர். ஓரிடத்தின் உரிமைக் கட்டணம் உரிய நாளில் கட்டப்படாததே சண்டைக்குக் காரணம் (நமக்குப் பழக்கமான கதைதான்). சுமார் 21 மணி நேரம் ஆமை வேகத்தில் நடந்தாலும், போர் முடியும்வரை சர்வர் தாங்கியது.

நம் கடைகளிலும் இன்று மூன்று, நான்கு கவுண்டர்களை ஒரு சர்வரில் இணைக்கிறோம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை அது நின்றால், பணம் கல்லாவுக்கு வந்திருக்கும், பில் பதிவாகியிருக்காது, இருப்பு ஒத்துப்போகாது. பில் தாமதமானால் வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டாவது நிற்பார். பாதியில் அறுந்த பில்லை யார் சரிசெய்வது?

சாப்ட்வேர் விற்க வருபவர் ஆளில்லாத காலை நேரத்தில் ஒரே ஒரு பில் போட்டுக் காட்டிவிட்டு முன்பணம் கேட்கிறார். கொடுக்காதீர்கள். உங்கள் சரக்குப் பட்டியல் முழுவதையும் ஏற்றி, எல்லாக் கவுண்டரிலும் ஒரே சமயத்தில் பில் போடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கவுண்டரின் மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். அதன்பிறகு விலை பேசலாம்.