ஆடினவர் ஆசிரியராதல்

கலைகள் யாவும் ஆசிரியரையன்றித் தழைப்பதில்லை. வீணையைத் தானே கற்பேன் என்பவனும், மல்யுத்தத்தைப் புத்தகம் பார்த்துப் பயில்வேன் என்பவனும் உலகத்தாரின் நகைப்பிற்கு இடமாவர். ஆயினும், காற்பந்தாட்டத்தைக் குறித்து மட்டும், ‘பந்தும் வெளியிடமும் இருந்தாற் போதும், பையன்கள் தாமே கற்றுக்கொள்வார்கள்’ என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றி நிற்கின்றது. இஃது எத்துணைப் பிழையானது என்பதையும், கல்லூரி மைதானத்திற் பெயர்பெற்ற ஆட்டக்காரர் பட்டம் பெற்றவுடன் ஆட்டத்தைத் துறந்துவிடுதலால் நம் நாட்டுப்புறம் அடையும் நஷ்டம் எவ்வளவு என்பதையும் இவ்வியாசத்தில் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அதற்கு உதாரணமாக ஒருவரது வரலாற்றை முதற்கண் கூறுவோம்.

1982-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்திலே, குஜராத்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் மகனாகப் பிறந்தவர் அராத்தா இசுமி என்பார். நீல்கண்ட் கம்போல்ஜா என்பது அவருடைய இந்தியப் பெயர். 2006-இல் அவர் நம் தேசம் போந்து கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்திற் சேர்ந்தார். பின்னர் மும்பையின் மஹீந்திரா யுனைடெட் சங்கத்திலும், 2009 முதல் புணே சங்கத்திலும் ஆடி, நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்துவதில் வல்லவர் என்று பெயர் பெற்றார். இந்தியாவுக்காக ஆடவேண்டுமென்னும் வேட்கை அவருக்குண்டாயிற்று. ஆனால், இந்தியக் குடிகளே தேசிய அணியில் ஆடலாம் என்று 2008-இல் அரசாங்கத்தார் விதித்திருந்தனர். இரு தேசக் குடியுரிமையும் நம் சட்டத்தில் இல்லை. ஆதலால் அவர் தாம் பிறந்த தேசத்தின் குடியுரிமையையே துறந்து இந்தியக் குடியானார். 2013 பிப்ரவரியில் கொச்சியில், பாலஸ்தீன அணிக்கெதிராக இந்தியச் சட்டையை முதன்முறை அணிந்தார்.

அப்போது அவருக்கு வயது முப்பது. ஆட்டக்காரனுக்கு முப்பது வயதென்பது பொழுது சாயும் காலமன்றோ? தேசிய அணியில் அவர் ஆடியவை சில ஆட்டங்களே. ‘சில ஆட்டங்களுக்காக ஒரு தேசத்தின் குடியுரிமையையே விட்டாரே!’ என்று இரங்குவோரும் உளர். அவர்களோடு யாம் உடன்படோம். ஏனெனில், கேரளா பிளாஸ்டர்ஸ் முதலிய சங்கங்களில் ஆடி முடித்தபின் அவர் ஜப்பானுக்குத் திரும்பினாரில்லை. நவி மும்பையில் இளைஞர்களுக்குக் காற்பந்து கற்பிக்கும் ரிலையன்ஸ் பவுண்டேஷன் பயிற்சிச் சாலையிலே பயிற்சியாசிரியரானார். தாம் ஆடி ஈட்டிய அனுபவத்தைச் சிறுவர் கால்களுக்கு உபதேசிக்கும் அப்பணியிலேதான், அவர் இந்தியரானதன் முழுப்பயனையும் தேசம் பெறுகின்றது என்பது எமது துணிபு.

இத்தகையார் தமிழ்நாட்டில் இலர் என்று எண்ணற்க. தஞ்சாவூரில் தோன்றிய சைமன் சுந்தரராஜ் 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியாவுக்காக ஆடியவர். அவ்வாண்டு ஹங்கேரி நம்மை இரண்டுக்கு ஒன்றாக வென்றது; பிரான்சுடன் ஒன்றுக்கொன்று சமமாயிற்று; பெரு மூன்றுக்கு ஒன்றாக வென்றது. பெருவுக்கெதிராக நாம் இட்ட அவ்வொரு கோலைப் போட்டவர் சுந்தரராஜ். அதன்பின் ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியா இடம்பெறவேயில்லையாதலால், அதுவே இன்றளவும் அவ்வரங்கில் நமது கடைசிக் கோலாக நிற்கின்றது. அந்தப் புகழோடு அவர் அமைந்துவிடவில்லை. பயிற்சியாசிரியராகிக் கேரள அணியைப் பழக்கினார். 1973-இல் எர்ணாகுளத்தில், தலைவர் மணி தாமே மூன்று கோலும் இட, கேரளம் ரெயில்வே அணியை மூன்றுக்கு இரண்டாக வென்று முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டது. 2022-க்குள் அக்கோப்பை ஏழு முறை கேரளம் சேர்ந்தது. ரோமாபுரியிலிட்ட கோல் ஒருவரது கீர்த்தி. கொச்சி நகரில் அவர் இட்ட வித்தோ ஒரு நாட்டாரின் செல்வம்.

தனி மனிதரை விட்டுத் தேசங்களை நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஜப்பானோ முதலாட்டத்திலேயே தோற்று வெளியேறிற்று. ஜப்பானியர் நாணிச் சோர்ந்திருந்தாரல்லர். ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்னும் ஆசிரியரை வரவழைத்துப் பாடங்கேட்டனர். மெல்போர்னில் ஆடிய கென் நாகனுமா என்பவரையே பயிற்சியாசிரியராக்கினர். அவர் பழக்கிய அணி 1964-இல் தோக்கியோவில் அர்ஜென்டினாவை வென்று, 1968-இல் மெக்சிக்கோவில் வெண்கலப் பதக்கமும் பெற்றது. 1970-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை ஒன்றுக்குச் சூன்யமாக வென்று வெண்கலம் பெற்றதும் உண்மையே. ஆனால், அதன்பின் நாம் பின்னடைந்தோம்; அவர்கள் 1998 முதல் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றிலும் தவறாது இடம் பெறுகின்றனர். நம் சிறுவரின் கால்கள் வலிமையிற் குறைந்தனவல்ல. கற்பிப்போரை வளர்ப்பதில் அவர்கள் காட்டிய ஊக்கத்தை நாம் காட்டாமையே இவ்வேற்றுமைக்குப் பெருங்காரணம் என்று கருதுகின்றோம்.

இனி நம் சேலம், நாமக்கல் சமவெளியை நோக்குவோம். ஓமலூர், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களிலே நிலக்கடலை பறித்த காட்டிலும், மரவள்ளி எடுத்த வயலிலும் வெறுங்காலோடு பந்துதைக்கும் சிறுவரைக் காணாதார் யார்? அவர்களுக்குக் காலும் மூச்சும் உண்டு, கற்பிப்பாரே இலர். நம் கல்லூரிகளில் நான்காண்டு, ஐந்தாண்டு ஆடித் தேர்ந்தவர்களோ, பட்டம் பெற்றதும் லாரி ஆபீசிலும், கோழிப்பண்ணையிலும், நூற்பாலையிலும், வங்கியிலும் கணக்கெழுதச் சென்று, பூட்ஸைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். பிழைப்பை நாடுதல் குற்றமன்று. கற்ற வித்தையைத் தம்மோடு மாயவிடுதலே குறை. கிரிக்கெட்டில் இந்தியாவுக்காக ஆடிய சின்னப்பம்பட்டி நடராஜன், தம் சொந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மைதானம் அமைத்து 2023-இல் திறப்பித்தார். ஆட்டம் வேறாயினும், அவ்வெண்ணம் நம் மாவட்டத்து மண்ணில் முளைத்ததன்றோ?

இதற்கு இரு ஆட்சேபங்கள் கூறப்படலாம். ‘பந்து கற்பித்தல் வயிற்றை நிரப்புமா?’ என்பது ஒன்று. முழுநேரத் தொழிலாகக் கொள்வார்க்கு வருவாய் சுருக்கமே என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால், யாம் வேண்டுவது உத்தியோகத்தைத் துறக்கும் தியாகமன்று. வாரத்தில் மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரமே. ‘நன்றாக ஆடுபவன் நன்றாகக் கற்பிப்பானா?’ என்பது மற்றொன்று. இது நியாயமான கேள்வி. ஆடுதல் வேறு, ஆட்டுவித்தல் வேறு. அதனாலன்றோ அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தார் ‘டி’ என்னும் முதற்படிச் சான்றிதழ் வகுப்பை நடத்துகின்றனர். அதற்குமேல் ஆசியச் சம்மேளனத்தின் ‘சி’, ‘பி’, ‘ஏ’ எனப் படிகள் உள. பத்து வயதுப் பிள்ளைக்கு எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது, எவ்வளவு ஓடவிடுவது, எப்போது இளைப்பாற விடுவது என்பனவெல்லாம் படித்தறிய வேண்டியவையே.

ஆதலின், யாம் கூறும் யோசனை இது. ஆண்டுதோறும் இறுதி வகுப்பு மாணவருள் ஒருவரும் மாணவியருள் ஒருவரும் அச்சான்றிதழ் வகுப்பிற்கு அனுப்பப்படல் வேண்டும். தமிழ்நாட்டு மகளிர் 2018-இலும் 2023-இலும் தேசியக் காற்பந்துப் பட்டத்தை வென்றிருக்க, மாணவியரை ஒதுக்குதல் மடமையாகும். கட்டணத்தைப் பழைய மாணவர் சங்கத்தார் ஏற்றல் தகும். தேறி வந்த ஒவ்வொருவரும், கல்லூரிக்கு அருகிலோ தம் ஊரிலோ உள்ள ஒரு பள்ளிக்கூடத்தை ஈராண்டு பொறுப்பேற்க வேண்டும். பத்தாண்டில் இருபது பள்ளிகள் ஆசிரியரைப் பெறும்.

பரிசுக் கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இருந்து கறுத்துப் போகின்றன. கற்பித்த வித்தையோ, பெற்றவன் காலிலே நின்று, அவன் பிறனுக்கு ஈயுந்தோறும் வளர்கின்றது. இவ்வாண்டு நம்மை விட்டு நீங்கும் ஆட்டவீரர்காள்! பட்டத்தோடு பந்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். உங்கள் ஊர்ச் சிறுவர் உங்களை எதிர்நோக்குகின்றனர்.