மூட்டு மாத்தியாச்சு, ஸ்டிக்கர் எங்கே?

ஊரிலிருந்து போன் வந்தாலே இப்போதெல்லாம் யாருக்காவது மூட்டு மாற்று ஆபரேஷன் என்ற சேதி இருக்கிறது. நாம் கேட்பது இரண்டே கேள்வி: "எவ்வளவு ஆகும்? எப்ப நடப்பாங்க?" உள்ளே வைக்கிற சாமான் எது என்று யாரும் கேட்பதில்லை. புனேவில் பேரிங்கோடு குப்பை கொட்டுகிற எனக்கு இது உறுத்துகிறது.

உரசுகிற எதுவும் தேயும். முழங்காலில் பெரும்பாலும் உலோகம் பாலிஎத்திலீன் மேல் உரசுகிறது. தேய்மானத்தை விட உதிரும் தூள்தான் வில்லங்கம். அதை விழுங்கும் செல்களால் செரிக்க முடியாது. அந்தப் போராட்டத்தில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு ஆட்டம் காணும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சில வருஷத்திலேயே தேய்ந்துபோனதால் 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. முழங்கால் மாற்று மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குவதாக 2019-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இது எப்படித் தெரிந்தது? சில நாடுகள் ஒவ்வொரு மூட்டையும் பதிவேட்டில் எழுதி வைத்ததால்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? டீப்யு நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டில் உலோகத்தின் மேல் உலோகம் உரசியது. கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன, சுற்றியுள்ள திசு கெட்டது. மறு ஆபரேஷன் அதிகம் என்று ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. அங்கே 2009-இல் விலக்கினார்கள், 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் இதை வைத்து நடந்த ஆபரேஷன்கள் சுமார் 4,700. அவர்களில் பெரும்பாலானவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை!

2017-இல் அரசு முழங்கால் மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். நல்ல காரியம். ஆனால் அது பர்ஸைத்தான் காப்பாற்றும். உடம்பைக் காப்பாற்ற, ஒவ்வொரு மூட்டையும் கட்டாயமாகப் பதியும் சட்டம் வேண்டும். டாக்டர்கள் விருப்பப்பட்டால் பதியலாம் என்பது போதாது. ஓட்டை ஸ்கூட்டருக்குக் கூட ஆர்.சி. புத்தகம் இருக்கிறதே, அய்யா!

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன், எது எதன் மேல் உரசப்போகிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிந்ததும் கம்பெனி, மாடல், லாட் நம்பர் உள்ள ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேரிடமாவது வைத்திருங்கள்.