நாளிடாத நகல்

"உங்கள் கேஷை அழித்துவிட்டு மீண்டும் பாருங்கள்." இணையதளம் நடத்துவோரிடம் பழைய பக்கம் வருகிறது என்று முறையிட்டால் முதலில் கிடைக்கும் விடை இதுதான். பெரும்பாலும் கடைசியில் கிடைக்கும் விடையும் இதுவே. நாமும் ஏதோ நம் வீட்டுத் திண்ணையைப் பெருக்காமல் விட்டவர்கள் போல நாணிக்கொண்டு அழிக்கிறோம். இந்த விடை பல வேளைகளில் பொய் என்பதும், சொல்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுமே என் வழக்கு.

கேஷ் என்பது ஒளித்துவைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். தமிழில் இடைமாற்று நினைவகம் என்றும் பதுக்கு நினைவகம் என்றும் கலைச்சொல் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. பதுக்கல் என்றதும் ரேஷன் கடையின் பின்கட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது அல்லவா. செய்தி என்னவோ எளியது. ஒரு பக்கத்தை ஒவ்வொரு வாசகருக்கும் தரவுத்தளத்திலிருந்து புதிதாகச் சமைத்துக் கொடுத்தால் வழங்கி திணறிவிடும். எனவே ஒருமுறை சமைத்ததை நகலெடுத்து வைத்துக்கொண்டு, கேட்பவர்க்கெல்லாம் அந்நகலையே வழங்குகிறார்கள். 2003இல் லைவ்ஜர்னல் தளத்தின் சுமையைத் தாங்க மெம்கேஷ்டு பிறந்தது. 2006இல் நார்வே நாட்டு நாளேடு ஒன்றுக்காக வார்னிஷ் பிறந்தது. இன்று ஒரு பக்கம் நம் கைக்கு வருமுன் அதன் நகல் தரவுத்தளத்தின் அருகில், வழங்கியின் வாசலில், ஊர்தோறும் கிளை வைத்திருக்கும் விநியோக வலைப்பின்னலில், நம் உலாவியில் என நாலைந்து இடங்களில் தங்கியிருக்கக்கூடும்.

நகலைப் பழிப்பது தமிழ் படித்தவனுக்கு அழகாகாது. நம்மிடம் இருக்கும் பழைய இலக்கியம் எல்லாம் நகலின் நகலாக வந்தவையே. ஆனால் ஏடு பெயர்த்தெழுதியவர்களில் பலர் இறுதியில் ஆண்டு, மாதம், நாள் குறித்துத் தம் பெயரையும் எழுதி, பிழை இருந்தால் பொறுக்கும்படி வேண்டிக்கொண்டார்கள். சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் சுவடிகளை ஒப்பிட்டபோது, ஒரு படி எங்கிருந்து வந்தது, எதற்கு முந்தையது என்று ஆராய்ந்தார்கள். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியதன் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. படிப்பவரிடம் போய், உன் கண்ணைக் கழுவிவிட்டு வா என்று அவர்கள் சொல்லவில்லை.

இணையத்திலும் ஏட்டின் இறுதிக்குறிப்பு உண்டு என்பதுதான் வேடிக்கை. 1997 ஜனவரியில் வெளிவந்த எச்டிடிபி 1.1 நெறிமுறையிலேயே அது இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துடனும் கண்ணுக்குத் தெரியாத தலைப்புவரிகள் சில வருகின்றன. 'ஏஜ்' என்னும் வரி இந்த நகல் இடைவழியில் எத்தனை வினாடி கிடந்தது என்று சொல்லும். 'லாஸ்ட் மாடிஃபைடு' மூலம் எப்போது திருத்தப்பட்டது என்று சொல்லும். 'கேஷ் கன்ட்ரோல்' எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று ஆணையிடும். 2022இல் கேஷ் விதிகளைத் திருத்தித் தனி ஆவணமாகவே மீண்டும் வெளியிட்டார்கள். ஆக, கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதைப் பார்ப்பார் இல்லை.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி ஒரு சேர்க்கைக் காலத்தில் என்னிடம் வந்தாள். கலந்தாய்வு நாளை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் கைபேசியில் பழைய நாளே தெரிந்தது. தொலைபேசியில் கேட்டதற்குக் கேஷை அழிக்கச் சொன்னார்களாம். அழித்தாள், பழைய நாளே வந்தது. அந்தத் தளத்தை ஒருநாளும் திறந்திராத என் கைபேசியில், வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் திறந்தேன். அங்கும் பழைய நாள். எனவே குற்றம் அவள் கைபேசியுடையது அன்று. பூட்டிட்ட எச்டிடிபிஎஸ் முகவரி ஆதலால் இடையில் உள்ள தொலைபேசி நிறுவனம் பக்கத்தைப் பிரித்து நகலெடுத்து வைத்திருக்கவும் வழியில்லை. முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறியும் ஓர் எண்ணும் சேர்த்தேன். உடனே புதிய நாள் வந்து நின்றது! மூலம் திருந்தியிருக்கிறது, தளத்தார் தம் வாசலில் வைத்திருக்கும் நகல் திருந்தவில்லை. முகவரி மாறியதும் கேஷ் அதை வேறு பக்கம் என்று எண்ணி மூலத்திடம் போய்க் கேட்டுவந்திருக்கிறது. தமிழாசிரியன் ஒருவன் ஐந்து நிமிடத்தில் கண்டதை, சம்பளம் பெற்றுத் தளத்தைக் காப்பவர்கள் காணவில்லை. அவள் கேட்ட பாடம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

கன்ட்ரோலையும் எஃப் ஐந்தையும் சேர்த்து அழுத்துங்கள் என்று ஆலோசனை கூறுவோர் ஒன்றை மறக்கிறார்கள். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது கைபேசி. அதில் அந்தப் பொத்தான்கள் இல்லை. இருந்தாலும், வாசகரின் உலாவி விடுக்கும் 'புதிது கொடு' என்னும் வேண்டுகோளை விநியோக வலைப்பின்னல்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. எவரும் அழுத்தி அழுத்தி வழங்கியை வீழ்த்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த நியாயமான தடை அது. ஆகவே திறவுகோல் தளத்தாரிடம் மட்டுமே இருக்கிறது.

அவர்கள் செய்ய வேண்டியதோ மலையைப் புரட்டும் வேலையன்று. பக்கம் மாறிய கணத்தில் வாசலில் உள்ள நகலையும் நீக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். சின்னத்துக்கும் எழுத்துருவுக்கும் ஓராண்டு ஆயுள் கொடுக்கட்டும். கடைசி நாள் அறிவிக்கும் பக்கத்துக்கும் அதே ஆயுளைக் கொடுப்பது சோம்பல். 'நோ கேஷ்' என்னும் ஆணையைச் 'சேமிக்காதே' என்று புரிந்துகொண்டு அஞ்சுவோர் பலர். பெயர் வைத்தவரின் பிழை அது. 'சேமித்துக்கொள், ஆனால் கொடுக்குமுன் மூலத்திடம் ஒருமுறை கேள்' என்பதே அதன் பொருள். சேமிக்காதே என்பதற்கு 'நோ ஸ்டோர்' தனியாக இருக்கிறது.

தேர்வு முடிவு நாளில் கூட்டம் அலைமோதும்போது கேஷ் இன்றி முடியுமா என்பார்கள். முடியாதுதான். ஆனால் ஒரு நிமிட ஆயுள் போதும். அந்த நிமிடத்தில் ஒரு லட்சம் பேர் கேட்டாலும், ஒழுங்காக அமைத்த வழங்கி மூலத்தை ஒருமுறைதான் தொந்தரவு செய்யும். ஒரு வாரம் எதற்கு?

அவசரத்தில் கேஷை அள்ளிப் பூசினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடைத்தளத்தின் மீது தாக்குதல் நடந்தது. சுமையைக் குறைக்க அவசரமாக இட்ட கேஷ் விதி தவறிப்போய், ஒருவருக்கென ஆக்கிய பக்கம் மற்றவருக்குப் போயிற்று. ஏறக்குறைய 34,000 பேரின் முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் போன்றவை அயலார் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று வால்வ் நிறுவனம் பிற்பாடு அறிவித்தது. சிலருக்கு முகப்புப் பக்கம் வேறு மொழியில் வந்ததாம்.

இந்தக் கடைசிச் செய்தி எங்கள் ஊருக்கு உறைக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்புறம் இது. மும்மொழிப் பக்கங்களையும் ஒரே முகவரியில் வைத்துவிட்டு, மொழிக்கொரு நகல் வேண்டும் என்று 'வேரி' என்னும் தலைப்புவரியில் சொல்ல மறந்தால், முதலில் வந்தவர் மொழியே எல்லோர்க்கும் விதியாகிவிடும். அப்போதும் தமிழ் எங்கே என்று கேட்பவரிடம் கேஷை அழிக்கத்தான் சொல்வார்கள்.

சில தளங்களில் பக்கத்தின் அடியில் 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்று ஒரு வரி இருக்கும். ஏட்டின் இறுதிக்குறிப்பு இங்கே உயிரோடிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளுமுன், அதன் நிரலைத் திறந்து பாருங்கள். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்றைய தேதியை வாசகரின் கைபேசியிலிருந்தே எடுத்து நிரப்பும்படி எழுதியிருப்பார்கள்.