சதுர அடியைக் கேட்கிறோம், வெப்பத்தைக் கேட்பதில்லை

வீடு வாங்கப் புறப்படும் ஒரு குடும்பம் எதையெல்லாம் விசாரிக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். தாய்ப் பத்திரம் சரியாக இருக்கிறதா, வில்லங்கம் ஏதும் உண்டா, வரைபடத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறார்களா, சதுர அடி என்ன விலை, பள்ளியும் பேருந்து நிறுத்தமும் எவ்வளவு தொலைவு, தண்ணீர் வசதி எப்படி, மாதத் தவணை எவ்வளவு வரும். இவை யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால், மே மாதத்து நள்ளிரவில் அந்தப் படுக்கையறை எப்படி இருக்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. வீட்டைப் பார்க்கச் செல்வது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில். அதில் வாழப்போவதோ இருபது, முப்பது கோடைகள்.

'வீட்டைக் கட்டிப்பார்' என்று முன்னோர் சொன்னது கட்டுகிறவரின் பாட்டை எண்ணி. அந்தப் பாடு ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தவறாகக் கட்டப்பட்ட வீட்டின் புழுக்கமோ கடன் தீர்ந்த பின்னும் தீராது. ஒரு வீட்டின் வெப்பம், காற்று, வெளிச்சம் ஆகிய மூன்றும் அதன் மதிப்பின் பகுதிகள். விலை பேசும்போதே அவற்றையும் பேச வேண்டும் என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து.

இது வெறும் சௌகரியம் பற்றிய பேச்சு அன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மற்ற ஆண்டுகளின் அதே காலத்தோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அந்த ஒரே மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டனர். அதன் பிறகே, 2013இல், அந்நகர மாநகராட்சி தெற்காசியாவிலேயே முதன்முதலாக வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. எச்சரிக்கை அறிவிப்பு, குடிநீர், மருத்துவமனை ஆயத்தம் ஆகியவற்றோடு, எளியவர்கள் வாழும் வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணியும் பின்னர் அதில் சேர்ந்தது. வெப்ப அலை வெயிலில் உழைப்பவரை மட்டும் தாக்குவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோரையும் கைக்குழந்தைகளையும் நோயாளிகளையும் தாக்குகிறது. பகலில் சூடேறிய உடல் இரவில் தணிய வேண்டும். படுக்கையறை தணியாவிட்டால் உடலும் தணிவதில்லை.

வெளியே அடிக்கும் வெயிலை நாம் மாற்ற இயலாது. அதில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிப்பது கட்டடம். கோடையில் சூரியன் உச்சியில் நிற்பதால், நாள் முழுதும் வெயிலை வாங்குவது கூரையே. வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாம் உறங்கச் செல்லும் வேளையில் அதை அறைக்குள் விடுகிறது. மேல்மாடியில் குடியிருப்போர் இதை நன்கு அறிவர். அடுத்தது மேற்குச் சுவர். பிற்பகல் வெயில் சாய்வாக வந்து நேரே அதன்மீது விழுகிறது. மூன்றாவது, நிழல் இல்லாத கண்ணாடி ஜன்னல். கண்ணாடியைக் கடந்து வெயில் உள்ளே வந்த பிறகு திரைச்சீலையை இழுத்து மூடுவதால் பயன் குறைவு. வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. அதனால்தான் பழைய வீடுகளில் நிழலை ஜன்னலுக்கு வெளியே அமைத்தார்கள். நம் ஊர் வீடுகளின் தாழ்வாரமும் முற்றமும், ராஜஸ்தான் மாளிகைகளின் கல் சல்லடைகளும், கேரள வீடுகளின் தாழ இறங்கிய ஓட்டுக் கூரையும் அழகுக்காக மட்டும் பிறந்தவை அல்ல. அந்தந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் சொன்ன மறுமொழிகள்.

வெப்பத்துக்கு அடுத்தபடி காற்றும் ஒளியும். மும்பையின் கோவண்டி, செம்பூர் பகுதிகளில் இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கென எழுப்பப்பட்ட மூன்று குடியிருப்புகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாம் அனைவரும் அறிய வேண்டியது. கட்டடங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவெளியில் நெருங்கி நின்ற இரு குடியிருப்புகளில், வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் குறிப்பாக, காசநோய் மிகுந்திருந்தது. இடைவெளி கூடுதலாக விடப்பட்ட மூன்றாவது குடியிருப்பில் அது மிகக் குறைவு. காசநோய்க் கிருமி காற்றின் வழியே பரவுவது. தேங்கிய காற்றில் நீண்ட நேரம் தங்குவது. ஆக, இரு கட்டடங்களுக்கு நடுவே விடப்படும் சில மீட்டர் நிலமும் ஒரு மருத்துவ ஏற்பாடே.

'எல்லாவற்றுக்கும் குளிர்சாதனம் இருக்கிறதே' என்று சிலர் சொல்லக்கூடும். குளிர்சாதனத்தை நாம் பழிக்கவில்லை. கடுங்கோடையில் அது உயிர்காக்கும் கருவி. ஆயினும் அதன் எல்லையை அறிந்திருப்பது நலம். வீடுகளில் நாம் பொருத்தும் ஸ்பிளிட் வகைக் குளிர்சாதனம் வெளியிலிருந்து புதிய காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கதவையும் ஜன்னலையும் இறுக மூடி நால்வர் உறங்கும் அறையில், விடியும்போது காற்று கனத்துக் கிடப்பதன் காரணம் இதுவே.

செலவையும் எண்ணிப் பார்ப்போம். ஓர் எளிய கணக்கு: ஒரு குளிர்சாதனம் ஓர் இரவில் 10 யூனிட் மின்சாரம் கொள்கிறது எனவும், யூனிட் 7 ரூபாய் எனவும் வைத்துக்கொண்டால், ஆண்டில் 120 நாட்களுக்கு 8,400 ரூபாய். இரு அறைகளுக்கு 16,800 ரூபாய். இருபது ஆண்டு வீட்டுக்கடன் முடியும் வேளையில் இது 3,36,000 ரூபாய் ஆகியிருக்கும். கட்டண உயர்வும், பழுதுபார்ப்பும், கருவியை மாற்றும் செலவும் இதில் சேரவில்லை. மாதத் தவணை அட்டவணையில் இடம்பெறாத இரண்டாவது தவணை இது. நல்ல கட்டடம் இச்செலவை முற்றிலும் போக்கிவிடாது. ஆனால் குளிர்சாதனம் ஓடும் நாட்களையும் நேரத்தையும் குறைக்கும்.

நம் நாட்டில் இதற்கான அளவுகோல் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக, கூரை தவிர்த்த சுவர், ஜன்னல் ஆகியவற்றின் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேற்படக் கூடாது என்கிறது அது. காற்றோட்டத்துக்கும் அளவு உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், வீட்டின் கார்பெட் பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் வெளிக்காற்றுக்குத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அகமதாபாத் போன்ற வறண்ட ஊர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். ஊருக்கு ஊர் அளவு மாறுவதைக் கவனிக்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்த கண்ணாடிக் கோபுரத்தை குருகிராமிலும் கொச்சியிலும் எழுப்புவது பொருந்தாது என்பதை இவ்விதியே சொல்கிறது. ஆனால் மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் தம் கட்டட விதிகளில் ஏற்றால்தான் இத்தகைய அளவுகள் நடைமுறைக்கு வரும். அதுவரை அவற்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பு வாங்குபவருக்கும் உண்டு.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் சில கேள்விகளைக் கேட்போம். படுக்கையறை எந்தத் திசையை நோக்கியது? மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தால் அதற்கு வெளியே நிழல் உண்டா? எதிரெதிரே திறப்புகள் இருந்து காற்று குறுக்கே ஓடுமா? மொட்டைமாடித் தளத்தின்மேல் வெப்பத் தடுப்பு என்ன போட்டிருக்கிறார்கள்? அடுத்த கட்டடம் எவ்வளவு தள்ளி நிற்கிறது? சென்னையில் 600 சதுர அடி கார்பெட் பரப்புள்ள வீடு என்றால், 100 சதுர அடி திறப்பு இருக்கிறதா என்று நாமே அளந்து பார்க்கலாம். இரு கதவுகள் கொண்ட நகரும் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இயன்றால், வீட்டை ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பார்ப்போம்.

ஏற்கெனவே சொந்த வீட்டில் வாழ்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முதலில் கூரையைக் கவனிக்கலாம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ, சுண்ணாம்போ, வெள்ளை ஓடோ பயன் தரும். தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்திருக்கிறது. அடுத்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டியோ, மூங்கில் திரையோ, ஒரு மரமோ. வெளியே வெயில் கொளுத்தும் பகலில் ஜன்னலை மூடி, காற்று குளிர்ந்த பின் இரவில் திறப்பது வறண்ட ஊர்களில் நல்ல பழக்கம். சமையலறையில் புகைபோக்கி விசிறி, குளியலறையில் ஈரம் தங்காத காற்றோட்டம். ஈரச் சுவரில் படரும் பூஞ்சை ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பகை. இவற்றுக்குப் பின்னும் தேவைப்பட்டால் குளிர்சாதனம். அதையும் 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால் போதுமானதாக இருக்கும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலேயே தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது அரசின் விதி.

இப்படியெல்லாம் கட்டினால் விலை ஏறும் என்று சொல்வோர் உண்டு. சில பொருள்களுக்குக் கூடுதல் செலவு ஆகும் என்பது மெய்யே. ஆனால் அறையின் திசை, ஜன்னலின் இடம் போன்றவை வரைபடத் தாளில் முடிவாகிறவை. பென்சிலால் திருத்தும்போது அதற்கு அதிகச் செலவில்லை. கட்டிய பிறகு இடித்துத் திருத்துவதுதான் செலவு.

கடன் வழங்கும் துறைக்கும் இதில் பங்கு உண்டு. சொத்து மதிப்பீட்டு அறிக்கையில் நிலத்தின் அளவும் கட்டடத்தின் வயதும் இடம்பெறுகின்றன. கூரையின் வெப்பத் தடுப்பு, திறப்புகளின் பரப்பு ஆகியவற்றுக்கும் இரு வரிகள் சேர்ந்தால், விற்பவரும் கட்டுபவரும் அவற்றைக் கருதத் தொடங்குவர். அடகாக வைக்கப்படும் சொத்து இருபது ஆண்டுகளும் மக்கள் விரும்பி வாழத் தக்கதாக இருப்பது, கடன் பெறுபவருக்கு எவ்வளவு முக்கியமோ தருபவருக்கும் அவ்வளவு முக்கியம்.

வீட்டை அதிகம் அனுபவிப்பவர், கையெழுத்திட்டு மாலையில் திரும்புகிறவர் அல்லர். பகல் முழுதும் அதற்குள் இருக்கும் தாயும் பாட்டியும் குழந்தையுமே. அவர்களிடம் யாரும் ஒப்பந்தத்தைக் காட்டுவதில்லை. அவர்கள் சார்பில் கேட்க வேண்டிய கேள்விகளை, கையெழுத்திடுமுன் நாம் கேட்போம்.