கூரை இல்லாத பழைய காரில் பாட்டு: ‘எத்தனை வாட்ஸ்?’ என்பது தப்பான கேள்வி!

ஸ்க்ரோல் பண்ணும்போது இந்த மாதிரி ஒரு ரீல் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 1960களின் பிரிட்டிஷ் கன்வெர்டிபிள் கார். சிவப்பு பெயின்ட், குரோம் பம்பர், கம்பிச் சக்கரம். கேமரா மெதுவாகப் பின்பக்கம் போகிறது. டிக்கி திறக்கிறது. உள்ளே நீல எல்இடி வெளிச்சத்தில் 2 சப்-வூஃபர், பக்கத்தில் ஒரு பெரிய ஆம்ப். ஸ்டெப்னி இருந்த இடத்தைக் காணோம். கமென்ட்டில் ஃபயர் எமோஜி கொட்டுகிறது.

எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் வயிறு எரியும். பழைய காரில் எதையும் தொடவே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். பாட்டு இல்லாத பயணம் எனக்கும் மொக்கைதான். என் பிரச்சினை வேறு. அவ்வளவு செலவு செய்தும், கூரையைத் திறந்து வேகமாகப் போகும்போது அந்த காரில் பாட்டு உருப்படியாகக் கேட்கப் போவதில்லை. அதற்காக அறுத்த தகரம் மட்டும் அறுத்ததுதான்.

உதாரணத்துக்கு எம்ஜிபி ரோட்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். இன்று நம் ஊரில் ஹெக்டர் மூலம் தெரிந்த அதே ‘எம்ஜி’ பெயர்தான். ஆனால் இது இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார். 1,798 சிசி இன்ஜின், 2 சீட், மேலே துணிக் கூரை. கூரை போட்ட ஜிடி மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தக் காலத்தில் இதில் ரேடியோ என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று. வாங்காதவர்களுக்கு டேஷ்போர்டில் ரேடியோ வரவேண்டிய இடத்தை மூட எம்ஜி முத்திரை போட்ட ஒரு தகடு கொடுத்தார்கள். இன்று அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு என்ன வைப்பது என்பதில்தான் சண்டையே.

காற்று தின்னும் பேஸ்

மூடிய காருக்குள் சப்-வூஃபர் ஏன் அப்படி நெஞ்சில் இடிக்கிறது? அது ஒரு சின்ன, அடைத்த அறை. தாழ்ந்த ஒலி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அழுத்தத்தைக் கூட்டுகிறது. கூரையைத் திறந்த அடுத்த நொடி அந்த உதவி போய்விடும். மேலே இருப்பது வானம், அது எதையும் திருப்பி அனுப்பாது.

போதாக்குறைக்குக் காற்று. கண்ணாடியைத் தாண்டி சீட்டுக்குப் பின்னால் சுருண்டு விழும் காற்றின் சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்தான் அதிகம். பாட்டின் பேஸும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரே அலைவரிசையில் 2 பேர் கத்தினால் பெரிய குரல் ஜெயிக்கும். ஹைவேயில் பெரிய குரல் காற்றுடையது.

சரி, ஆம்ப் பவரைக் கூட்டினால்? இங்கேதான் வாட்ஸ் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது ‘கொஞ்சம் கூடுதல்’, அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும். அதாவது 10 மடங்கு பவர். 50 வாட்ஸுக்குப் பதில் 500! (டப்பாவில் பெரிதாக அச்சடித்த ‘50x4’ என்பது உச்ச அளவு. அந்த வகை செட்டிலிருந்து தொடர்ந்து வருவது ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம்தான் இருக்கும்.)

இதில் காதின் கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். கூரை திறந்த கன்வெர்டிபிளில் ஹைவே வேகத்தில் காற்று மட்டுமே 85ஐத் தொட்டுவிடும். அதை ஜெயிக்க வால்யூமைக் கூட்டினால் நாம் எங்கே போய் நிற்போம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஹெட்போனோடு ஆபீசில் உட்காரும் நம் தலைமுறைக்கு இது தேவையில்லாத ஆணி.

ஜன்னல் கண்ணாடியை மட்டும் மேலே ஏற்றினாலே சத்தம் கணிசமாகக் குறையும். சீட்டுக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் ஒரு வலைத் திரையும் போடலாம். இரண்டுக்கும் ஆம்ப் விலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லை. ஆனால் ரீல் போட முடியாதே!

ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் வரட்டும்

அந்தக் கால கார்களில் ஸ்பீக்கரை முழங்காலுக்குக் கீழே வைப்பார்கள். எம்ஜிபியில் கியர் பக்கத்து கன்சோலில். உயர்ந்த அதிர்வெண், டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும் ஆசாமி. கீழே இருந்து கிளம்பினால் நம் காலில் மோதி அங்கேயே முடிந்துவிடும். பாடகரின் குரல் தெளிவில்லாமல் போவது இதனால்தான்.

இதற்கு மஸ்தா கண்ட விடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களைப் பார்த்து ஆசைப்பட்டு 1989இல் சிகாகோ மோட்டார் ஷோவில் அவர்கள் காட்டிய எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில், ஹெட்ரெஸ்ட்டுக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்த சீட்டுகள் வந்தன. சின்ன ஸ்பீக்கர்தான், ஆனால் காதிலிருந்து சில அங்குல தூரத்தில். தூரம் பாதியானால், திறந்த வெளியில் ஏறக்குறைய 6 டெசிபல் லாபம். ஆம்ப் பவரை 4 மடங்காக்கிக் கிடைக்கும் அதே லாபம், கரன்ட் செலவே இல்லாமல்.

கரன்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வேலையிலேயே ஆபத்தான இடம் அதுதான்.

பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே?

இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். 1967 வரை வந்த எம்ஜிபியில் தலைகீழ்: பிளஸ்தான் பாடியில். அதே ஆண்டின் கடைசியில் வந்த மார்க் 2 மாடலில்தான் மைனஸ் எர்த்துக்கு மாறினார்கள். இன்றைய ப்ளூடூத் செட்டின் உலோக உறை மைனஸோடு சேர்ந்தது. அதைப் பழைய மாடலின் டேஷ்போர்டில் செருகினால், உறை பாடியைத் தொட்டதும் நேரடி ஷார்ட். ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம். ஃப்யூஸ் இல்லாமல் இழுத்த வயராக இருந்தால் அது பழுத்து, 60 வருட ரப்பரையும் துணியையும் பற்றவைக்கும்.

வழி இல்லாமல் இல்லை. பேட்டரி இணைப்பை மாற்றி, டைனமோவின் துருவத்தையும் மாற்றி, ஆர்பிஎம் மீட்டரையும் அதற்கேற்ப திருத்தி மொத்த காரையும் மைனஸ் எர்த் ஆக்கலாம். பழைய கார் தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. அல்லது, உள்வரவையும் வெளிவரவையும் முழுதாகப் பிரித்து வைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை செட்டுக்கு மட்டும் போடலாம். பின்னாளில் இரண்டையுமே பழையபடி மாற்றிவிட முடியும்.

அடுத்தது, அந்தப் பழைய மாடல்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது. லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலும் தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர். சிக்னலில் ஐடிலிங்கில் நின்றால் ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் போக மிச்சத்தில்தான் பாட்டு. அந்த ரீலில் வந்த ஆம்ப், இரவு மழையில் ஒரு டிராஃபிக் ஜாமில் பேட்டரியைக் குடித்துவிட்டு காரைத் தள்ள வைக்கும்.

அறுத்தது அறுத்ததுதான்

இதை எங்கள் வீட்டு மாருதி 800இல் கற்றேன். காலேஜ் படிக்கும்போது அப்பாவிடம் கெஞ்சி ஒரு ஆடியோ கடையில் கதவில் பெரிய ஸ்பீக்கர் போட்டேன். அவர்கள் பிளேடு வைத்து டோர் பேடை அறுத்து, உள்ளே தகரத்தையும் அறுத்தார்கள். ஒரு வாரம் செம ஃபீல். அப்புறம் ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை, ஸ்பீக்கரின் காந்தம் இடித்தது. மழைக்காலத்தில் வெட்டிய விளிம்பெல்லாம் துரு. விற்கப் போனபோது வந்தவர் முதலில் தட்டிப் பார்த்ததே அந்தக் கதவைத்தான். அப்பா என்னைத் திட்டவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அது போதாதா?

மாருதிக்கே இப்படி என்றால், 1965 கதவுக்கு? எம்ஜிபிக்குப் புதிதாகச் செய்த உதிரிப்பாகங்கள் கிடைப்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கும் டேஷ்போர்டு, வெட்டாத கதவு, இரண்டும் ஒருமுறை போனால் போனதுதான். வாங்குபவர் பணம் கொடுப்பதும் அதற்குத்தான்.

வெட்டாமல் செய்ய வழிகள் தாராளமாக உள்ளன. பழைய ரேடியோவின் முகத்தையும் குமிழ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் எஃப்எம், ப்ளூடூத் சர்க்யூட் போட்டுக் கொடுப்பதை பிரிட்டனில் சிலர் தனித் தொழிலாகவே செய்கிறார்கள். போர்ஷே நிறுவனமே 2020இல் தன் பழைய 911 கார்களுக்கு, அந்தக் கால முகத்தோடும் ஆப்பிள் கார்ப்ளேயோடும் ஒரு செட்டை வெளியிட்டது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஆம்ப் ஒன்றை கிளவ் பாக்ஸுக்குள் ஒளித்து வைத்தாலே போதும். அப்போது அந்த எம்ஜி தகடு இருந்த இடத்திலேயே இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

எதையும் வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரை சீட்டுக்குப் பின்னால், தோள் உயரத்தில், உருளாதபடி கட்டி வையுங்கள். கூரையைத் திறந்து, ஜன்னலை ஏற்றி, 60 கிமீ வேகத்தில் போங்கள். பாட்டு வேண்டாம், ஒரு பாட்காஸ்ட் போடுங்கள். பேசுபவர் சொல்வது புரிகிறதா? புரிந்தால் உங்கள் அப்கிரேடில் பாதி முடிந்துவிட்டது. டிக்கியில் ஸ்டெப்னியும் பத்திரமாக இருக்கும்.